சோற்றுப் பருக்கையில் ஒட்டிய கட்டுரை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் யுத்தத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார். கொஞ்சம் கறுத்து, ஒரு காது மந்தமாகி, மற்றபடி முழுசாக வந்து சேர்ந்தார். இதைச் சொல்லாமல் என்னால் மேற்கொண்டு எழுத முடியாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும். தெரியாமல் போனால் அது என் எழுத்தின் குறைதான். பிற்பாடு நான் சேர்ந்த ஆயத்த வகுப்பிலும் என்னைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. பெரியவளான பிள்ளை தெருவில் புத்தகம் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்றார்கள், நின்றுகொண்டேன். கீழப்பாவூரில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று. யுத்தம் வந்து தெருவில் பாதி ஆம்பளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் பட்டாளத்து லாரி ஓட்டப் போனார். போனவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவது என் வேலையாயிற்று.

கடிதம் எழுதுவதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று தொடங்க வேண்டும். மாடு செத்ததை எழுதக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதை எழுதக் கூடாது. முக்கியமாக, அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு வார்த்தையை அடித்தால், அங்கே படிக்கிறவன் 'எதையோ எழுத வந்து மறைச்சுட்டாளே' என்று கிடந்து தவிப்பான். தப்பு வந்தால் புதுத் தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும்.

சாவுச் செய்தி வந்தால் மட்டும் முறை வேறு. அந்தக் கடிதத்தை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். தெருவில் நின்று படித்து அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். எழுதின காகிதத்தை எங்கள் வீடுகளில் கிழிப்பது அந்த ஒன்றுக்குத்தான். மற்றபடி ஒரு துண்டுத் தாள் காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

இப்படி இருக்கையில் என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் உறையைப் பிரித்து நீட்டினார். தாளில் நடுவே சன்னல் வைத்தாற்போல ஒரு ஓட்டை. கீழே இன்னொன்று. கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. என் மாமியார் அதைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அழாதீங்க ஆச்சி. பட்டாளத்துக் காயிதத்துல ஊர்ப் பேரு எழுதினா வெட்டிருவாங்க. சர்க்கார் உத்தரவு. ஆளு நல்லாத்தான் இருக்காரு” என்றார் தபால்காரர்.

“ஆளு நல்லாருந்தா காயிதத்த ஏன் வெட்டுதான்?”

தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். மீதி இருந்ததை நான் படித்துக் காட்டினேன். சுகமாக இருக்கிறேன் என்றுதான் எழுதியிருந்தார். இருந்தாலும் கடிதம் வீட்டுக்குள் வரவில்லை. கிழிக்கவும் மனசில்லாமல், மாமனார் அதை மாட்டுத் தொழுவத்து இறவாணத்தில், கூரை ஓரத்து இடுக்கில், செருகி வைத்தார். பிறகு கடிதமே இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். கேட்காவிட்டால் தெருமுனை வரை போய்ப் பார்ப்பேன். இந்த வீட்டில் உட்கார்ந்து அந்தத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தென்காசியில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எட்டாம் வகுப்பு இல்லாதவர்கள் முதலில் ஆயத்த வகுப்பில் இருக்க வேண்டும். அதில் பெரிய விஷயம் கட்டுரை. சாரல் காலம் முடிகிற சமயம் கட்டுரைப் பரீட்சை வைப்பார்கள். தேறினால் பயிற்சியில் இடம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மாமனார் யோசித்தார். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அப்போது டீச்சர் இல்லை. “ஒரு தரம் போயி எழுதிப் பாரு. தேறினா படி. தேறலைன்னா அதுல ஒண்ணும் கேவலமில்ல, களையெடுக்க ஆளு பத்தாமத்தான் இருக்கு” என்றார். ஒரு தரம்தான். அந்த வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டுதான் போனேன்.

கட்டுரைக்கு வந்த டீச்சர் என்னைவிட இளையவர். நாகர்கோவில் பக்கம். புதுசாக வேலைக்கு வந்தவர் போல. என்னை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் விட்டுவிட்டு, 'உட்காரலாம்', 'எழுதலாம்' என்று சுவரிடம் பேசுகிறவர் மாதிரியே பேசுவார்.

ஒரு சனிக்கிழமை எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் 'குற்றாலத்தில் ஒரு நாள்' என்று கட்டுரை எழுத வேண்டும். எனக்கு அருவி என்றால் பயம். எல்லாரும் குளித்தார்கள். நான் பாறையில் உட்கார்ந்து அவர்கள் சேலைகளுக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் காவல் இருந்தேன். வந்து எழுதினேன்: 'குற்றாலம் மிகவும் ரம்மியமான ஸ்தலமாகும். அங்கே அருவிகள் உண்டு. வானரங்கள் உண்டு. அவை கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தளிக்கின்றன.' கட்டுரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“குரங்குமா விருந்து அளிக்குது?” என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது. “திருத்தி எழுதிட்டு வரணும்.”

நான் தாளை எடுத்துக்கொண்டு போய் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. அப்படியானால் எதைத் திருத்துவது? கையெழுத்தைத்தான் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்து, கோடு போட்டு, அதே கட்டுரையை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது அதேதானே?”

“ஆமா டீச்சர். நல்லா எழுதியிருக்கேன்.”

“திருத்தச் சொன்னேனே.”

“திருத்தமாத்தான் எழுதியிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரில் யாருக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

என் பக்கத்து இருக்கைக்காரி வீரகேரளம்புதூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஏழாம் வகுப்போடு நின்றவள். வாய்த்துடுக்கு. ஆனால் என் மேல் பிரியம். “அக்கா, திருத்துததுன்னா கூட்டுதது. பாயசத்துல முந்திரி போடுத மாதிரி. இன்னும் நாலு போடுங்க” என்றாள். நான் போட்டேன். 'வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல' என்று போட்டேன். 'விண்ணவரும் வியக்கும்' என்று போட்டேன். டீச்சர் போட்டதையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார். தாள் முழுக்க அடித்தல். அந்தத் தாளை அறைக்குள் கொண்டுபோகலாமா என்றுகூடத் தயங்கினேன்.

“பாயசம் திகட்டிப் போச்சு போல” என்றாள் அவள்.

“ஏட்டி, உன் பேச்சைக் கேட்டேன் பாரு.”

அந்தத் தாளின் ஓரத்தில் கேள்விகளும் இருந்தன. 'அன்று குளித்தது யார்? குளிக்காதது யார்? ஏன்? அந்த நேரத்தில் என்ன நடந்தது?' திரும்பத் திரும்பப் படித்தேன். இது விசாரணை. யாருடைய சேலையாவது காணாமல் போயிருக்கிறது, காவலுக்கு இருந்தவள் நான். ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு தனித் தாளில் பதில் எழுதினேன்.

'டீச்சர் அவர்கள் சமூகத்துக்கு. கேட்டதற்குப் பதில். குளிக்காதது நான். எனக்கு அருவி என்றால் பயம். சேலைகளைக் குரங்கு தொடவில்லை, எண்ணெய்க் குப்பியை ஒன்று முகர்ந்துவிட்டுப் போனது. என் காவலில் ஒன்றும் தவறவில்லை. முன்பு என் வீட்டுக்காரருடன் வந்தபோதும் நான் காவல்தான் இருந்தேன். அவர் சட்டையைக் கொடுத்துவிட்டு அருவிக்குள் போய் வெகுநேரம் கண்ணில் படவில்லை. அது முதல் இந்தப் பயம்.'

டீச்சர் அதை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். “இதுதான் கட்டுரை” என்றார்.

“இல்ல டீச்சர், இது பதில். கட்டுரை அந்தத் தாள்.”

“அதை விட்டுடலாம். இதை எழுதலாம்.”

“குற்றாலத்தைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையே.”

“இருக்கு” என்றார். அதோடு சரி. என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அல்லது சொல்லி எனக்கு ஏறவில்லை.

பதிலைக் கட்டுரையாக எழுதினேன். அன்று வீட்டுக்காரரோடு வண்டி கட்டிப் புறப்பட்டதிலிருந்து திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது வரை ஒன்று விடாமல் எழுதினேன். நடுவில் அந்த இடம் வந்தது. அவர் சட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் பேரருவிக்குள் போனார். தண்ணீர் இறங்குகிற வெள்ளையில் ஆள் தெரியவில்லை. மற்றவர்களின் தலைகள் தெரிகின்றன, அவர் தலை மட்டும் தெரியவில்லை. நான் சட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன், ஈரமே இல்லாத சட்டையை. பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். 'உசுரோடதான் இருக்கேன், சட்டையக் குடு' என்றார்.

டீச்சருக்குப் பிடித்தது. ஆனால் வரிசை சரியில்லை என்றார். வண்டியும் மாடும் முன்னால் நின்று வழியை அடைக்கின்றனவாம். திரும்ப எழுதச் சொல்ல அவருக்கு மனமில்லை. யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். அதனால் ஒரு யோசனை வைத்திருந்தார். “திரும்ப எழுத வேண்டாம். வெட்டி, மாத்தி மாத்தி வெச்சுப் பார்க்கலாம்.” ஜவுளிக்கடைப் பெண்ணின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினார்.

அவர் எதற்கு அதை வாங்குகிறார் என்று நான் புரிந்துகொள்வதற்குள் முதல் வெட்டு விழுந்துவிட்டது. வண்டி போயிற்று. மாடு போயிற்று. மூன்றாவது வெட்டு சரியாக அந்த இடத்தில் இறங்கியது. 'என் வீட்டுக்காரர் அருவிக்குள் போனார்' ஒரு துண்டில். 'சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்' இன்னொரு துண்டில்.

“டீச்சர், வெட்டாதீங்க!” என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து சாரல் காற்று சன்னல் வழியாக ஒரு வீசு வீசியது. துண்டுகள் பறந்தன.

ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வண்டி கிடைத்தது, மாடு கிடைத்தது, சட்டை கிடைத்தது. அருவிக்குள் போன துண்டு மேசை மேலேயே இருந்தது. வெளியே வந்த துண்டைக் காணோம்.

பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தேன். எல்லாரையும் காலைத் தூக்கச் சொன்னேன்.

“யாரைத் தேடுதீய அக்கா?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

“எங்க வீட்டுக்காரரை.”

வகுப்பு சிரித்தது. என் முகத்தைப் பார்த்துப் பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள்தான் முதலில் குனிந்தாள். பிறகு எல்லாரும் குனிந்தார்கள். டீச்சரும் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேடினார். எதற்காக என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 

கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். வெளியே, நனைந்த கல்படியில் முகம் குப்புற ஒட்டிக்கிடந்தது. ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்துக் கொண்டுவந்தாள். மை கரைந்திருந்தது. 'சிரித்துக்கொண்டே வெளி' வரை படிக்க முடிந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கட்டுரை, டீச்சர் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

சாயங்காலம் விடுதியில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தட்டிலிருந்து சோற்றுப் பருக்கையை எடுத்து மசித்துத் துண்டுகளை ஒட்டினேன்.

“பாருங்கடி, அக்கா சோத்தத் தான் தின்னாம கட்டுரைக்கு ஊட்டுதா” என்றாள் அவள்.

வரிசை கிரிசை எதையும் நான் யோசிக்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே யோசனை. அவர் அருவிக்குள் போவதற்கு முன்னாலேயே வெளியே வந்திருக்க வேண்டும். அதனால் வெளியே வந்த துண்டை எல்லாவற்றுக்கும் மேலே, தாளின் தலைப்பில் ஒட்டினேன். கரைந்த எழுத்தைப் புது மையால் முழுசாக்கினேன். 'சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.' அப்புறம்தான் மூச்சு வந்தது. அதற்குக் கீழே சட்டை, பாறை, குரங்கு. அவர் உள்ளே போன துண்டை நடுவில் மறைவாக ஒட்டினேன். முடிவில் அவர் இருக்கவே கூடாது என்று, எண்ணெய்க் குப்பியை வைத்தேன். வண்டிக்கும் மாட்டுக்கும் தாளில் இடம் இல்லாமல் போனது.

மறுநாள் டீச்சர் அதைப் படித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். “தொடக்கம் இப்படி வரும்னு எனக்கே தோணல. எதிலிருந்து வெளியே வந்தார்னு தெரிஞ்சுக்கப் படிக்கிறவங்க கூடவே வருவாங்க. எதனால இப்படி வெச்சீங்க?” என்றார். முதல் தடவையாக 'நீங்க' வந்தது.

“பயத்துல டீச்சர்.”

அவர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். “இதுக்குப் பேர்தான் திருத்தம்” என்றார்.

எனக்கு மண்டை குழம்பியது. அழகாக எழுதினேன், திருத்தம் இல்லை என்றார். கூட்டி எழுதினேன், இல்லை என்றார். பயந்து ஒட்டினேன், அது திருத்தமாம். படிக்கிறவர் கூடவே வரட்டும் என்று நான் வைக்கவில்லை. அவர் வெளியே வரட்டும் என்றுதான் வைத்தேன். நான் செய்ததும் டீச்சர் பார்த்ததும் ஒன்றுதானா? அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டால் இடம் போய்விடுமோ என்று பயம்.

பரீட்சை வந்தது. தலைப்பு 'எங்கள் ஊர்ச் சந்தை'. எழுதி முடித்துப் பார்த்தேன். கத்தரிக்காய் இருந்தது, கருவாடு இருந்தது, வெயில் இருந்தது. வீட்டுக்காரர் இல்லை. யாரை மேலே கொண்டுபோவது? சன்னல் வழியே தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்தது. அதன் இடி விழுந்த பிளவைப் பார்த்துக்கொண்டே, இந்தச் சந்தையில் நான் யாருக்காகப் பயந்தேன் என்று யோசித்தேன். ஒரு தரம் மாமனார் விற்கக் கொண்டுபோன கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டது. அதைத் தேடி நானும் மாமியாரும் அலைந்தோம். அது என் கட்டுரையில் கடைசியில் ஒரு மூலையில் கிடந்தது. மூக்குப்பொடிக் கடை முன்னால் அசைபோட்டுக்கொண்டு நின்ற கிடாரி. எடுத்து முதலில் வைத்தேன். கத்தரிக்கோல் இல்லை, பருக்கை இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு வரிகளைத் துணிந்து அடித்து, அம்புக்குறி போட்டு மேலே ஏற்றினேன். அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

தேறிவிட்டேன். பயிற்சியில் இடம் கிடைத்தது. என்னத்துக்காகத் தேறினேன் என்று நிச்சயமாகத் தெரியாமலே தேறினேன்.

அன்றே மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். 'இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் யாவரும் க்ஷேமமா? பரீட்சை முடிவு வந்தது.' அடுத்ததாகத் தேறிவிட்டேன் என்று எழுதினேன். எழுதியதும் கண் பட்டுவிடுமோ, இத்தனை பட்டவர்த்தனமாகச் சொல்லலாமா என்று தோன்றியது. பரீட்சையில் வந்த பழக்கம், கை தானாக அந்த வரியை அடித்தது. அத்தையின் உடம்பு, மாடுகள் எல்லாம் விசாரித்து, அடியில் ஓரமாகத் தேறிய செய்தியை எழுதி, தபாலில் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானமே பள்ளிக்கூட வாசலில் மாமனார் நின்றார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்திருக்கிறார், துண்டெல்லாம் கரிப்பொடி. வாட்ச்மேன் உள்ளே விடாததால் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் என் கடிதம்.

“என்னம்மா ஆச்சு ஒனக்கு?”

“ஒண்ணும் இல்லையே மாமா!”

“தபால்காரரு வாசல்ல நின்னு படிச்சாரு. முடிவு வந்ததுன்னு படிச்சாரு. அதுக்குக் கீழ அடிச்சிருக்கு, இதுக்கு மேல நான் படிக்க மாட்டேன் அண்ணாச்சின்னு திருப்பிக் குடுத்துட்டாரு. ஒங்க அத்தை அங்கனயே தெருவுல உக்காந்துட்டா. அவனப் பத்தி ஏதும் ஒனக்குச் சேதி வந்துச்சா? மறைக்காமச் சொல்லு.”

“அய்யோ மாமா, அதெல்லாம் இல்ல. தேறிட்டேன்.”

“என்னது?”

“பரீட்சையில தேறிட்டேன். அதத்தான் அடியில எழுதியிருக்கேன்.”

அவர் கடிதத்தை விரித்தார். படிக்கத் தெரியாதவர், ஆனாலும் விரித்தார். கம்பி வழியாக விரலை நீட்டிக் காட்டினேன்.

“இங்கனயா? இம்புட்டு அடியிலயா?” கதவிலேயே சாய்ந்துகொண்டார். “இத மொதல்ல எழுதப்படாதாக்கும்? க்ஷேமமா க்ஷேமமான்னு கேட்டு என் உசுரு பாவூர்ச்சத்திரம் தாண்டுததுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்துச்சு.”

கிடாரியைக்கூட முதலில் வெளியே கொண்டுவந்த எனக்கு, இந்த மனுஷனைப் பயத்திலிருந்து வெளியே கொண்டுவரத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி, அடிச்சது எதுக்கு? தப்பா எழுதிட்டியா?”

“இல்ல மாமா. சரியாத்தான் எழுதியிருந்தேன்.”

“பெறகு?”

“திருத்தினேன்.”

“சரியா எழுதினத ஏன் திருத்துத?”

வாயைத் திறந்தேன். சாரல் முழுக்க அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு டீச்சராகி எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திக் கொடுத்தாயிற்று. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதே கதைதான்.

அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அத்தை தெருவில் உட்கார்ந்திருப்பாள், அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்றார். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகப் போனவர் நின்றார்.

“இத வீட்டுக்குள்ள கொண்டு போலாம்லா?”

“போலாம் மாமா.”

ஓரெட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

“தொழுவத்துல கெடக்கே, அவன் எழுதினது. அதையும்?”

“அதையும்தான்” என்றேன்.